மாட்டின் இடப்பக்கம்

தம்பி,

வீட்டில் உன்னைக் கூப்பிடும் பெயரிலேயே தொடங்குகிறேன். உன் முழுப்பெயரை இதில் எங்கும் எழுதப்போவதில்லை. ஆனாலும் சிங்கப்பூரில், ஈசூனில் சனிக்கிழமை காலையில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு யானையும் மாடும் ஒட்டகமும் வரையச் சொல்லிக்கொடுக்கும் தமிழ் ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? படிப்பவர்களில் பலருக்கு நீ யாரென்று தெரிந்துவிடும். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், நானும் சரி என்று விட்டுவிடுவேன், இருவருக்கும் அது வசதியாகப் போய்விடும். முப்பத்தொரு ஆண்டுகள் செய்தியாளனாக இருந்தவன் நான். தவறு எந்த அளவில் வந்ததோ திருத்தமும் அதே அளவில் வரவேண்டும் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். முதல் பக்கத்தில் ஒருவரை அவமானப்படுத்திவிட்டுப் பதினேழாம் பக்கத்து மூலையில் வருந்துகிறோம் என்று போடக்கூடாது. ஒலிபெருக்கியில் உன்னை அவமானப்படுத்தியவன் நான். அதனால் இதை உன் கைப்பேசிக்கு அனுப்பாமல் எல்லாரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

சென்ற மாதம் நீ எனக்கு அனுப்பியது இரண்டு வரி. "இனி வகுப்புக்கு வராதீங்க, அப்பா. குழந்தையை உங்ககிட்ட விடறதைப் பத்தியும் யோசிக்கணும்." உன் மனைவிக்கு இது ஏழாவது மாதம். அவள் வேலைக்குத் திரும்பியதும் பிள்ளையைக் காலையில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, மாலையில் செம்பவாங்குக்கு அழைத்துப்போவது என்று நாம் பேசி வைத்திருந்தோம். அதற்காகச் சின்ன அறையிலிருந்த பழைய நாளிதழ்க் கட்டுகளையெல்லாம் நான் அகற்றியிருந்தேன். சன்னலுக்குக் கம்பி போட ஆளை வரச் சொல்லியிருந்தேன். உன் செய்தி வந்ததும் அவரை வேண்டாம் என்றேன். நீ யோசிப்பதாகச் சொன்னதால் இதை எழுதுகிறேன். யோசிப்பதற்கு உன்னிடம் இருக்கும் விவரங்கள் போதாது.

முதலில் ஜனவரி. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்து. வகுப்பில் உதவிக்கு ஆள் இல்லையே, நானும் அம்மாவும் வரட்டுமா என்று கேட்டது நான். நீ தயங்கினாய், பிறகு சரி என்றாய். அம்மா தூரிகை கழுவினாள், நான் தாள் கொடுத்தேன். பன்னிரண்டு பிள்ளைகள். நீ திரையில் படங்களைக் காட்டினாய்: உடம்பெல்லாம் கொடியும் பூவும் தீட்டிய ஜெய்ப்பூர் யானை, பொன்னிற நெற்றிப்பட்டம் கட்டிய கேரள யானை, கண்ணாடிச் சில்லு தைத்த துணி போர்த்திய கட்ச் ஒட்டகம், கொம்பில் வண்ணமும் கழுத்தில் சலங்கையுமாக நம் பொங்கல் மாடு. பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, அலங்காரம் எதுவுமில்லாத வெறும் மிருகம் அச்சடித்த தாளை ஆளுக்கொன்று கொடுக்கச் சொன்னாய். வண்ணப் புட்டிகளைத் தொட விடவில்லை. "மொதல்ல உங்க அனிமல்கிட்ட கேளுங்க. எங்க அரிக்குது, எங்க வலிக்குது, எங்க தொட்டா அதுக்குப் புடிக்காது. அங்கெல்லாம் ஒண்ணும் கட்டாதீங்க" என்றாய். பன்னிரண்டு பேரும் தாளில் காதை வைத்துக் கேட்டார்கள். ஒருவன், "சார், என் ஒட்டகம் இங்லீஷ்தான் பேசுது லா" என்றான். கேட்டுவிட்டுத் தமிழில் சொல் என்றாய். நான் அதை நல்ல வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அந்தக் கேள்வி உனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நான் யோசிக்கவில்லை.

கடைசி மேசையில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி. அவள் அப்பா கப்பல் பட்டறையில் பொறியாளர், மதுரைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது என்று நீ சொல்லியிருந்தாய். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. யானையின் பின்புறத்தில், வாலுக்குச் சற்று மேலே, அவள் நெற்றிப்பட்டத்தை வரைந்துகொண்டிருந்தாள். நன்றாகவே வரைந்திருந்தாள். வரிசை வரிசையாகப் பொன் குமிழ்கள், நடுவில் பிறை. இடம்தான் தப்பு. என் கை சட்டைப்பைக்குப் போயிற்று. ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் அங்கே ஒரு சிவப்புப் பேனா இருக்கிறது. பின்புறத்திலிருந்து நெற்றி வரைக்கும் ஒரு வளைகோடு இழுத்து, முனையில் அம்பு போட்டேன். அச்சுப்படி திருத்தும்போது இடம் மாறிப்போன வரியை அதன் இடத்துக்கு இழுத்துக் காட்டுவோமே, அந்தக் கோடு. வண்ணம் காயாத யானையின்மேல் பேனா வழுக்கியதால் இரண்டு தடவை அழுத்திப் போட்டேன். நெற்றிப்பட்டம் நெற்றியில்தானே இருக்கவேண்டும் என்று கேட்டேன். "யானைக்கு மூஞ்சிலதான் அரிக்குதாம், தாத்தா. அதான் பின்னாடி கட்டுனேன்" என்றாள்.

நீ சொன்னதை அந்த வகுப்பிலேயே சரியாகச் செய்தவள் அவள் ஒருத்திதான். மற்ற பதினொரு பேரும் தங்கள் மிருகத்திடம் கேட்டுவிட்டு, கேட்டதை மறந்துவிட்டு, திரையில் பார்த்ததையே வரைந்துகொண்டிருந்தார்கள். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். நாலு பேர் பார்த்தால் என் நாக்கு நிற்காது, உனக்குத் தெரியும். "அப்ப இந்த யானை ரிவர்ஸ்லதான் போகும்" என்றேன். சிரித்தார்கள். ஒரு பையன், லாரி பின்னால் வரும்போது அடிக்குமே, அதுபோல "பீப், பீப், பீப்" என்றான். அடுத்த மேசை பிடித்துக்கொண்டது. பிறகு பதினொரு பேரும். அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் யானையைப் பொத்திக்கொண்டாள், வண்ணம் முழங்கை வரைக்கும் அப்பியது. கொஞ்ச நேரத்தில் நாற்காலிக்குக் கீழே தரை ஈரமாயிற்று. அதற்கும் ஒரு பீப் போட்டார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுதாவிட்டால் இந்தக் கடிதம் வீண். நன்றாக இருந்தது. வேலையை விட்ட பிறகு நான் சொன்னதற்கு ஓர் அறை முழுக்கச் சிரித்தது அதுதான் முதல் தடவை. தரையைப் பார்த்த பிறகும் இரண்டு மூன்று விநாடிகள் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. துணி எடுத்துவந்து தரையில் மண்டியிட்டுத் துடைத்தாய், அம்மா அவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். துடைத்துக்கொண்டே நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அந்த முகத்தை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அப்போது உனக்கு வயது ஏழு.

நீ தொடக்கப்பள்ளிக்குப் போன முதல் மாதம், பொங்கல் சமயம். அம்மாவுக்கு அன்று வேலை நாள் என்பதால் உன்னையும் செய்தி எடுக்க அழைத்துப்போயிருந்தேன். தேக்காவில் பொங்கல் கடைகளுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, பண்ணையிலிருந்து மாடுகளைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். அடுக்குமாடி புளோக்கிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மாட்டைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் பிடித்தது ஒரு வெள்ளைக் காளை. கொம்புகளில் பச்சையும் மஞ்சளும் மாற்றி மாற்றிப் பூசி, நுனியில் குஞ்சம் கட்டி, முதுகில் ஜிகினாத் துணி போர்த்தி, கழுத்தில் பித்தளைச் சலங்கை கோத்த பட்டை போட்டிருந்தார்கள். பட்டை புதிது. இறுக்கிக் கட்டிவிட்டார்கள். வேண்டுமென்று செய்திருக்கமாட்டார்கள், சலங்கை நன்றாகக் குலுங்கட்டும் என்று கட்டியிருப்பார்கள். காளை தலையை ஆட்டும்போதெல்லாம் சலங்கை ஒலித்தது, கூட்டம் கைதட்டியது. அது ஏன் ஓயாமல் தலையை ஆட்டுகிறது என்று அங்கே கேட்டவன் நீ ஒருவன்தான். எத்தனை மாடு, யார் தொடங்கிவைத்தார் என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். நீ என் கையை விட்டுவிட்டு இடப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாய். திரும்பி வந்து, "அப்பா, மணிக்குக் கீழ ரத்தம்" என்றாய். நான் போய்ப் பார்த்தேன். "குங்குமம்டா" என்றேன்.

குங்குமம் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்று மாலை அலுவலகத்தில் படச்சுருளைக் கழுவி ஒளிப்பெட்டியின்மேல் பரப்பியபோது இன்னும் நன்றாகத் தெரிந்தது. பட்டைக்குக் கீழே தோல் உரிந்து, என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஈக்கள்கூடப் படத்தில் விழுந்திருந்தன. "அண்ணே, இந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்த எல்லாத்துலயும் காயம் தெரியுது" என்றார் புகைப்படக்காரர். வலப்பக்கத்துப் படம் இருக்கிறதல்லவா, அதைப் போடலாம், பண்டிகை நாள் என்று சொன்னேன். நான் பொய் எழுதவில்லை, தம்பி. காளை அழகாக அலங்கரிக்கப்பட்டிருந்தது, கூட்டம் மகிழ்ந்தது என்று எழுதினேன். வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் ஒவ்வொரு சொல்லும் சரி. எந்தப் படம் என்று காட்டச் சிவப்பு மெழுகுப் பென்சிலால் அதைச் சுற்றிக் கோடு போட்டேன். பென்சில் தேய்ந்துபோயிருந்தது. அலுவலகத்தில் தேய்ந்த பென்சில்களை உனக்குத்தான் கொண்டுவந்து கொடுப்பேன், அதையும் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே வட்டாரத்தில் ஒரு மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. அலங்கரித்த பொங்கல் மாட்டை வீட்டில் வரைந்து கொண்டுவரவேண்டும். நீ வரைகிறாய் என்று தெரியும். நான் நடுவர் என்பதால் எனக்குக் காட்டக்கூடாது என்று அம்மா மறைத்து வைத்திருந்தாள். பெயரைத் தாளின் பின்பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். மூன்று நடுவர்களில் நான்தான் மூத்தவன். நாற்பது படங்கள் இருக்கும், மேசையில் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். இத்தனை வருடமாக நம் வீட்டில் சொல்லும் கதையில் இந்த இடத்தில் என்ன வரும்? பெயர் பின்பக்கம் இருந்ததால் அப்பாவுக்குத் தெரியவில்லை, சொந்தப் பிள்ளையின் படத்தையே கிண்டல் செய்துவிட்டார். கதை அப்படித்தான் போகும். அதை முதலில் சொன்னவன் நான். அது பொய்.

எடுத்த எடுப்பிலேயே தெரிந்தது. நீ மாட்டின் காதைக் கரண்டி மாதிரி வரைவாய், வேறு எந்தப் பிள்ளையும் அப்படி வரைந்து நான் பார்த்ததில்லை. அந்தப் படத்தை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். தாளைக் குறுக்காக வைத்து வரைந்திருந்தாய். காளை இடப்பக்கம் காட்டி நின்றது. கொம்பில் பச்சை, மஞ்சள், பச்சை, மஞ்சள் என்று ஏழு பட்டை. முதுகுத் துணியின் ஜிகினாவுக்கு மிட்டாய்த் தாளை வெட்டி ஒட்டியிருந்தாய். சலங்கைகள் ஒன்பது, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி. ஒன்பது சலங்கைக்கும் கீழே, என் அலுவலகத்துச் சிவப்பு மெழுகுப் பென்சிலால், தாள் பளபளக்கும் அளவுக்கு அழுத்தித் தேய்த்த ஒரு புண். குங்குமம் என்று நான் சொன்னதை நீ நம்பவில்லை. மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளும் நான் எழுதிய காளையை வரைந்திருந்தார்கள். நீ நான் நாளிதழில் வராமல் ஒதுக்கிய படத்தை வரைந்து, எனக்கே கொண்டுவந்து கொடுத்திருந்தாய். அதற்குப் பரிசு கொடுத்தால் அதைச் சுவரில் மாட்டுவார்கள். மாட்டினால் யாராவது இது என்ன என்று கேட்பார்கள். என் பயம் அவ்வளவு சின்னது. அதற்காகத்தான் செய்தேன்.

பரிசு அறிவிக்கும் முன் நடுவர் சில படங்களைத் தூக்கிக் காட்டி இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். உன் படத்தை ஒதுக்கி வைத்திருந்தால்கூடப் போதும், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நான் அதைத்தான் முதலில் எடுத்தேன். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "மாட்டுக்கு அலங்காரம் பண்ணச் சொன்னோம். இந்தப் பிள்ளை தேக்கா மார்க்கெட் கறிக்கடைன்னு நெனச்சிடுச்சு போல" என்றேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, "கிலோ என்ன விலைன்னு பின்னாடி எழுதியிருக்கான்னு பாப்போம்" என்று தாளைத் திருப்புவதுபோல் பாவனை செய்தேன். நீ மூன்றாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். தாள் திரும்பினால் உன் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். உன் முகம் அப்போது இருந்த மாதிரிதான் ஜனவரியில் தரையைத் துடைக்கும்போது இருந்தது. நான் தாளைத் திருப்பவில்லை, கீழே வைத்துவிட்டேன். உடனே நீ சிரித்தாய். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, மற்ற பிள்ளைகள் எப்படிச் சிரிக்கிறார்களோ அதே மாதிரி சிரித்தாய். அது உன் படம் என்று யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்று சிரித்தாய்.

பேருந்தில் திரும்பும்போது, "அப்பா, அது யார் வரைஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். தெரியாதே, பெயர் பின்பக்கம்தானே இருக்கும் என்றேன். நீ "ம்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாய். அம்மா உன்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நீ தகப்பனாகப் போகிறாய், இதை மட்டும் கவனமாகக் கேள். உன் பிள்ளையும் ஒருநாள் இப்படி ஒரு கேள்வி கேட்கும். விவரம் தெரிந்துகொள்ள அது கேட்காது. நீ நல்லவன்தான் என்று நம்புவதற்கு உன்னிடமே ஒரு வழி கேட்கும். நீ ஒரு சொல் சொன்னால் போதும், அது உன்னை விட்டுவிடும். விடுகிறதே என்று நழுவிப்போகாதே. நான் நழுவினேன். எவ்வளவு சுலபமாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் பயப்படுவாய்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் நீ வீட்டில் எதுவும் வரையவில்லை. பையனுக்குப் படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னேன். பிறகு நீ ஓவியம் படிக்கப்போகிறேன் என்றபோது தடுக்கவில்லை, ஆனால் உதவவும் இல்லை. பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆம்பிளை செய்கிற வேலையா அது, பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டுப் பசை தடவிக்கொண்டு என்று அம்மாவிடம் சொன்னேன். நீ அடுத்த அறையில் இருந்தாய் என்று தெரிந்துதான் சொன்னேன். யாராவது மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால் கல்வித் துறையில் இருக்கிறான் என்பேன். அதிலும் பொய் இல்லை, கவனித்தாயா? வலப்பக்கத்துப் படம்தான். உன் கல்யாண விருந்தில் எழுந்து நின்று அந்தக் கறிக்கடைக் கதையை முந்நூறு பேர் முன்னால் சொன்னேன். நடுவர் பாரபட்சம் பார்க்காதவர் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று முடித்தேன். நல்ல கைதட்டல். நீ மாலையோடு உட்கார்ந்து, ஏழு வயதில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாய். உன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்போதே என்னைச் சரியாகக் கணித்துவிட்டாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு உன் பக்கம் முழு நியாயம் என்று நீ நினைத்துவிடக்கூடாது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மாதக் கடைசியில் பிள்ளைகளின் படங்களை உங்கள் வகுப்பு நடக்கும் நிலையத்துக் கீழ்த்தளத்துப் பலகையில் மாட்டியிருந்தாய். நான் வகுப்புக்குத்தான் வரக்கூடாது, பலகையைப் பார்க்கக்கூடாது என்று நீ சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தேன். பன்னிரண்டு கிளிப்புகள், பதினொரு படங்கள். பன்னிரண்டாவது கிளிப்பில் வகுப்பு நேரம் அச்சடித்த தாள் தொங்கியது. அந்தப் பெண்ணின் யானை இல்லை. அடுத்த சனிக்கிழமை அம்மா தூரிகை கழுவிவிட்டு வரும்போது, செய்தித்தாளில் சுருட்டிய ஒன்றைக் கொண்டுவந்து, என் கோப்பிக் குவளைக்குப் பக்கத்தில் வைத்தாள். அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தான் என்று மட்டும் சொன்னாள். விரித்துப் பார்த்தேன். பொன் குமிழெல்லாம் உள்ளங்கை அடையாளத்தில் கலங்கிப்போயிருந்தது. என் சிவப்புக் கோடு கலங்கவில்லை.

ஏன் மாட்டவில்லை என்று எனக்குத் தெரியும். மாட்டினால் அவள் அம்மாவோ வேறு யாரோ அந்தக் கோடு என்ன என்று கேட்பார்கள், உன் அப்பா போட்டது என்று சொல்லவேண்டியிருக்கும். நிலையத்துக்குப் புகார் போகலாம். பதினொரு நல்ல படங்கள் இருக்கும்போது எதற்கு என்று நினைத்திருப்பாய். தம்பி, நீ வலப்பக்கத்துப் படத்தைப் போட்டிருக்கிறாய். மிருகத்துக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கச் சொல்லித்தரும் ஆசிரியன், வலித்த யானையை மட்டும் அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் என்னைவிட அனுபவசாலி யாரும் உனக்குக் கிடைக்கமாட்டார்கள். ஒருவர் ஒன்றை ஒதுக்கினால் எங்கே ஒதுக்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை தப்பு என்று தெரிந்தே ஒதுக்குவாய். மூன்றாவது தடவை அது உன் ரசனை என்று நீயே நம்பத் தொடங்குவாய்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை என்பது உனக்குத் தெரியும். நான் அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன் என்பது தெரியாது. அம்மாவிடம் எண்ணை வாங்கிப் பேசினேன். அந்தப் பெண்ணின் அம்மா மிக மரியாதையாகப் பேசினார். நேரில் வந்து பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றேன். "வேணாம் அங்கிள், அவ அதையெல்லாம் மறந்துட்டா. இப்ப பாலே கிளாஸ் போறா" என்றார். பின்னாலிருந்து யாரது என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. அவர் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். உடனே அந்தக் குரல், "ரிவர்ஸ் தாத்தாவா? நான் இல்லன்னு சொல்லுங்கம்மா" என்றது. அவர் மறந்துவிட்டாள் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என் வாழ்நாளில் நான் பலருக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறேன். எனக்கு ஒட்டிய முதல் பெயர் இது, நன்றாகப் பொருந்துகிறது.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவள் உன்னிடம் இன்னும் பேசவில்லை. சென்ற வாரம் கடுகு தாளித்துக்கொண்டே, அடுப்பிலிருந்து திரும்பாமல் சொன்னாள். குழந்தை பிறந்ததும் தினமும் செம்பவாங்குக்குப் போய் உன் வீட்டிலேயே பார்த்துக்கொள்வாளாம், எம்ஆர்டி ரயிலில் இரண்டு நிறுத்தம்தானாம், எனக்குச் சாப்பாடு எடுத்துவைத்துவிட்டுப் போவாளாம். நான் என்றைக்கு வரலாம் என்று கேட்டேன். "அது திருப்பிப் பேசற வயசு வரட்டும்" என்றாள். கேலியாகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். ரசத்தில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் அவள் என்னைப் பார்த்த அந்தப் பார்வைக்கு இருபத்தெட்டு வருடம் கழித்து வந்த பதில் இது. அந்தக் காதைத் தெரியாத ஆளா அவள்? நீ வரையும் கரண்டிக் காதை அவளும் தினம் பார்த்தவள்தானே. நான் பொய் சொன்னது அன்றைக்கே அவளுக்குத் தெரியும். எனக்காக அதை வைத்திருந்தாள், இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆகவே நீ யோசிக்க வேண்டியது எதுவுமில்லை. அம்மா சொல்வதற்குச் சரி என்று சொல். பிள்ளையை என்னிடம் விடாதே. அப்பா மாறிவிட்டார், இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறாரே என்று யாராவது உன்னிடம் பரிந்து பேசினால் கேட்காதே. ஏழு வயதுப் பிள்ளையிடம் அப்படி நடந்துகொண்டபோது எனக்கு நாற்பது வயது. ஆறு வயதுப் பிள்ளையிடம் நடந்துகொண்டபோது அறுபத்தெட்டு. நடுவில் திருந்துவதற்குத் தேவையான நேரம் இருந்தது. இந்தக் கடிதம்கூட நன்றாக வந்திருக்கிறது என்று இந்த வரியை எழுதும்போது எனக்குத் தோன்றுகிறது. யார் யார் படிப்பார்கள் என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்த ஆளிடம் ஒரு குழந்தையைத் தனியாக விடக்கூடாது.

யானைப் படத்தை அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பன்னிரண்டாவது கிளிப்பில் மாட்டு, அந்தக் கோட்டோடு மாட்டு. கேட்பவர்களிடம் யார் போட்டது என்று சொல். உன் காளையைத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை. பரிசு பெறாத படங்களை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தேன், அவர்கள் தூக்கிப்போட்டிருப்பார்கள். மேலே எழுதிய நாலு வரிதான் அதில் மிச்சம்.

என்றாவது உன் பிள்ளை எதையாவது வரைந்துவிட்டு, தாத்தாவுக்குக் காட்டவேண்டும் என்று அடம்பிடித்தால், நீ கூட வந்து காட்டு. பெயரைப் பின்பக்கம் எழுத விடாதே. முன்பக்கத்தில், நடுவில், படம் மறைந்தாலும் பரவாயில்லை, பெரிய எழுத்தில் எழுதச் சொல். யார் வரைந்தது என்று தெரியாது என்று சொல்ல எனக்கு இன்னொரு தடவை இடம் கொடுக்காதே.

அப்பா